முதல் ரோடு பைக்குக்கு எந்த கியர்? ஏற்றத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாசகர் முதல் முறையாக ரோடு பைக் வாங்கப் போகிறார். ஒரே ஃபிரேம், ஒரே பிரேக், கியர் மட்டும் இரண்டு வகை. ஒன்றில் முன்னால் 52/36, பின்னால் 11-28. மற்றதில் முன்னால் 50/34, பின்னால் 11-34. இரண்டுமே சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் 11 ஸ்பீடு, அதாவது பின்னால் 11 பல்சக்கரம். அவர் எடை 76 கிலோ. வழக்கமாகப் போகும் பாதை பெரும்பாலும் சமதளம். கடைசியில் 3 கிலோமீட்டர் ஏற்றம், சராசரியாக 7 சதவீதம், நடுவில் கொஞ்ச தூரம் 9 சதவீதம். கூட ஓட்டும் நண்பரோ, "50/34 எல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. ஆறு மாதத்தில் பத்தாமல் போய்விடும், 52 வாங்கு" என்கிறார். எதை வாங்குவது?

50/34-ஐயும் 11-34-ஐயும் வாங்குங்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆனால் "ஒருவர் சொன்னார், வாங்கினேன்" என்று முடிந்துவிடக் கூடாது. கணக்கு உங்களுக்கே புரிந்துவிட்டால் அடுத்த சைக்கிளுக்கும் உதவும், நண்பருக்கும் பதில் சொல்லலாம்.

முதலில் எண்கள். முன்னால் கிராங்கோடு (பெடல் மாட்டியிருக்கும் கை) சேர்ந்து சுற்றும் பல்சக்கரம்தான் செயின்ரிங். 50/34 என்றால் ஒன்றில் 50 பல், இன்னொன்றில் 34 பல். பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருப்பது கேசட். 11-34 என்றால் ஆகச் சிறியதில் 11 பல், ஆகப் பெரியதில் 34. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், பெடலை ஒரு சுற்று மிதிக்கும்போது பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று கிடைத்துவிடும். 25 மில்லிமீட்டர் டயர் போட்ட 700சி சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் உருளும். ஆக, 34/34 கியரில் ஒரு மிதிச் சுற்றுக்கு 2.1 மீட்டர் நகர்வீர்கள். 36/28-இல் 2.7 மீட்டர். 50/11-இல் ஒன்பதரை மீட்டர். இவ்வளவுதான் விஷயம்.

இதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இல்லை, ஒரு மேட்டில். என் முதல் ரோடு பைக்கில் முன்னால் 53/39, பின்னால் 12-25. பந்தயக்காரர்கள் ஓட்டுவது அதுதான் என்று கேள்விப்பட்டு ஆசையாக வாங்கினேன். முதல் பெரிய ஏற்றத்தில் பாதி தூரம் போவதற்குள் தொடை இறுகிவிட்டது. இன்னும் ஒரு கியர் இறக்கலாம் என்று லீவரைத் தள்ளினேன். வழக்கமாக 'டக்' என்று செயின் அடுத்த பல்லுக்கு ஏறும். அன்று லீவர் மட்டும் போய்த் திரும்பி வந்தது. குனிந்து காலிடுக்கில் பார்த்தேன். செயின் ஏற்கெனவே ஆகப் பெரிய பல்லில்தான் உட்கார்ந்திருந்தது. எழுந்து நின்று, உடம்பு எடை முழுவதையும் ஒவ்வொரு பெடல் மேலும் போட்டு மிதித்தேன். இருநூறு மீட்டர் போனதும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். மூச்சு அப்போதும் சீராகத்தான் இருந்தது. நெஞ்சு தாங்கியது, கால்தான் தாங்கவில்லை. அதன் காரணம் புரிய எனக்குப் பல மாதம் ஆனது.

சரி, உங்கள் ஏற்றத்துக்கு வருவோம். நீங்கள் 76 கிலோ. சைக்கிள், தண்ணீர், உடை எல்லாம் சேர்த்து 88 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு பழகிய ஒருவர் அரை மணி நேரம் தொடர்ந்து 150 வாட் தர முடியும் என்பது நியாயமான கணிப்பு. 7 சதவீத ஏற்றத்தில் 150 வாட்டுக்கு 88 கிலோ மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். 9 சதவீதத்தில் ஆறரைக்கும் கொஞ்சம் குறைவு. இந்த வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் எடையும் சக்தியும் மேடும்தான். கியருக்கு இதில் பங்கில்லை. அந்த வேகத்தில் உங்கள் கால் எப்படிச் சுற்றும் என்பதைத்தான் கியர் தீர்மானிக்கிறது.

8 கிலோமீட்டர் வேகத்தில் 36/28 கியரில் நிமிடத்துக்கு 50 சுற்று மிதிப்பீர்கள். 34/34 கியரில் 64 சுற்று. 9 சதவீதம் வரும் இடத்தில் 36/28-இல் 40-க்கு இறங்கிவிடும். 34/34-இல் 50-க்குச் சற்று மேலே நிற்கும். என் பழைய 39/25-ஐ அங்கே கொண்டுபோனால் 33 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நொடி! பெடல் மேலே வந்து நின்றுவிடும் போல இருக்கும்.

சுற்று குறைந்தால் என்ன? அதே 150 வாட்டை 50 சுற்றில் தருவதற்கு, 170 மில்லிமீட்டர் கிராங்கில், பெடல் மேல் சராசரியாகப் பதினேழு கிலோ அழுத்தம் வேண்டும். 64 சுற்றில் பதிமூன்றரை போதும். 40 சுற்றில் இருபத்தொன்றைத் தாண்டும். இது சுற்று முழுவதற்குமான சராசரி. பெடல் முன்பக்கம் கீழே இறங்கும் கட்டத்தில் உண்மையான அழுத்தம் இதைவிட மிகவும் அதிகம். இதையே மூன்று கிலோமீட்டருக்கு ஆயிரம் தடவைக்கு மேல் செய்யப் போகிறீர்கள். சுற்று அதிகமாக இருந்தால் வேலையின் பெரும்பங்கை மூச்சும் இதயமும் ஏற்கும். சுற்று குறைந்தால் அது தொடைத் தசை மேலும் முழங்கால் மேலும் விழும். மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம் வேகம் குறைத்தால் திரும்பி வந்துவிடும். தொடை கடுத்துப் போனால் அன்றைக்குத் திரும்பாது. (ஏற்றத்துக்குப் பிறகு முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்பவர்கள் கியரோடு சீட்டின் உயரத்தையும் பாருங்கள். சீட் தாழ்ந்திருந்தாலும் இதே இடத்தில்தான் வலிக்கும்.)

உங்களிடம் இப்போது எந்த சைக்கிள் இருந்தாலும் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். அந்த ஏற்றத்தில் ஒரு நாள் ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் வந்தால் ஒரு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மட்டும் முயற்சி எடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 3000 மீட்டரை 22 நிமிடத்தில் ஏறினீர்கள் என்றால் நிமிடத்துக்கு 136 மீட்டர். அதை 2.1-ஆல் வகுத்தால் 65. இப்போது நீங்கள் வாங்க நினைக்கும் சைக்கிளின் ஆகச் சிறிய கியர் விகிதத்தால் அந்த 65-ஐ வகுங்கள். 34/34 என்றால் விகிதம் 1, ஆக 65 சுற்று. 36/28 என்றால் 1.29, ஆக 50 சுற்று. விடை 60-க்குக் கீழே வந்தால் அந்த கியர் உங்களுக்குப் பெரியது. புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் அளவுகோல் இதுதான். கனமான சைக்கிளில் போட்ட கணக்கு என்றால் புதியதில் இரண்டு மூன்று சுற்று கூடும், அவ்வளவே.

இனி நண்பரின் வாதம்: 50 பத்தாமல் போகும். எப்போது பத்தாது என்று பார்ப்போம். 50/11 கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 51.5 கிலோமீட்டர். 52/11-இல் 53.6. வித்தியாசம் இரண்டு கிலோமீட்டர். சமதளத்தில் தனியாக 50-ஐத் தொட்டுக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்துவதே பெரிய ஓட்டக்காரர்கள் வேலை. நல்ல இறக்கத்தில் அந்த வேகம் வரும், வாஸ்தவம்தான். ஆனால் அங்கே காற்றின் எதிர்ப்புதான் பெரும்பகுதி. மிதிப்பதைவிட குனிந்து, முழங்கையை மடக்கி, உடம்பைச் சுருக்கிக்கொள்வதில்தான் லாபம் அதிகம். வேண்டுமானால் 90-க்குப் பதில் 100 சுற்று மிதித்துப் பாருங்கள், அதே 50/11 உங்களை 57-க்குக் கொண்டுபோகும். 52 செயின்ரிங் வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும் நாள் வரட்டும். அதற்குள் உங்கள் 50 பல் செயின்ரிங் தேய்ந்து எப்படியும் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்திருக்கும்.

"கத்துக்குட்டிகளுக்கு" என்ற சொல்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இந்தப் பேச்சு புதிதல்ல. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 1910-இல் முதல் முறையாக டூர்மாலே என்ற உயரமான மலைக் கணவாயில் ஏறியது. அப்போது ஓட்டக்காரர்களுக்கு ஓடும்போதே கியர் மாற்றும் வசதி கிடையாது. பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் வைத்திருப்பார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். பந்தயத்தை நிறுவிய ஆன்ரி தெக்ரான்ஜ், ஓடும்போதே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் டெரைலர் கியரை விரும்பவே இல்லை. 1937-இல்தான் அந்தப் பந்தயத்தில் டெரைலர் அனுமதிக்கப்பட்டது. அத்தனை வருடம் கியர் என்பது பலவீனத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. இன்றைக்கு ஷிமானோவின் உச்சகட்ட டியூரா-ஏஸ் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். முன்னால் 54/40 கிடைக்கிறது. பின்னால் 11-30, 11-34 கேசட் இருக்கிறது. உங்கள் சக்தியைப் போல இரண்டு மூன்று மடங்கு தரும் மனிதர்கள் மலைக்கு 30, 34 பல் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சிறிய கியர் வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில்லை. நாம் ஏன் சொல்ல வேண்டும்?

அகலமான கேசட்டுக்கு ஒரு விலை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல் எண்ணிக்கையின் வீச்சு கூடும்போது அடுத்தடுத்த பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தாவல் பெரிதாகும். கியர் மாற்றியதும் கால் வேகம் சட்டென்று மாறும். சமதளத்தில் பத்துப் பேரோடு ஒரே வேகத்தில் போகும்போது இது உறுத்தும். "11-34-இல் கியர் கியராகத் தாவும்" என்று பலர் சொல்வது இதைத்தான். பொதுவாக உண்மை. ஆனால் நீங்கள் பார்க்கும் இந்த இரண்டு கேசட்டையும் பல் பல்லாக எழுதிப் பாருங்கள்.

11-28: 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28.
11-34: 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34.

நடுவில் 15-இலிருந்து 25 வரை இரண்டும் ஒன்றேதான்! வித்தியாசம் இரண்டு முனையிலும் மட்டும். 11-28-இல் கூடுதலாக 12, 14, 28 கிடைக்கிறது. 11-34-இல் 27, 30, 34 கிடைக்கிறது. 50 செயின்ரிங்கில் 85 சுற்று மிதித்தால், 25 பல்லில் வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர், 15 பல்லில் 36 கிலோமீட்டர். முதல் வருடத்தில் சமதளத்தில் நீங்கள் ஓட்டப் போகும் வேகம் கிட்டத்தட்ட முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். அந்த வீச்சுக்குள் நெருக்கமான கேசட் உங்களுக்கு ஒரு பல்கூட அதிகமாகத் தரவில்லை. 40-க்கு மேல் பறக்கும்போதுதான் 12, 14 உதவும். அதற்காக ஏற்றத்தில் 30, 34 பல்லை இழப்பது வீண். இதைத் தாளில் எழுதிப் பார்க்கும் வரை நானும் 11-28-தான் "மிருதுவான" கேசட் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டிலும் 16 இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 35 கிலோமீட்டர் வேகத்தில் 15-க்கும் 17-க்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்: ஒன்றில் 83 சுற்று, மற்றதில் 94. இரண்டும் மிதிக்கக்கூடிய சுற்றுதான். 12 ஸ்பீடு 11-34 கேசட்டில் 12, 14 இரண்டும் திரும்பி வந்துவிடுகின்றன. தாவல் 24, 27, 30, 34 என்று மேட்டில் பயன்படும் பக்கம் போய்விட்டது. மேட்டில் தாவல் பெரிதாக இருந்தால் அவ்வளவாக உறுத்தாது, அங்கே நமக்கு வேண்டியது வீச்சுதான். பட்ஜெட் இடம் கொடுத்தால் 12 நல்லது. 8, 9, 10 ஸ்பீடு சைக்கிள் என்றாலும் கவலைப்பட வேண்டாம். ஆகச் சிறிய கியர் சரியாக இருக்கும் 8 ஸ்பீடு, அது சரியில்லாத 11 ஸ்பீடைவிட உங்களுக்கு நல்ல சைக்கிள்.

50/34-இல் உண்மையிலேயே பழக வேண்டிய ஒன்று உண்டு. முன்னால் 50-இலிருந்து 34-க்கு இறக்கும்போது கியர் ஒரே அடியாக 32 சதவீதம் குறையும். கால் திடீரென்று காற்றில் மிதிப்பது போலச் சுழலும், சைக்கிள் சொத்தென்று வேகம் இழக்கும். மேட்டின் நடுவில் இதைச் செய்துவிட்டு "கியர் சரியில்லை" என்பவர்கள் நிறையப் பேர். மேடு தொடங்கும் முன்பே, பெடல் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தி, இடது கையால் முன்னால் இறக்குங்கள். அதே மூச்சில் வலது கையால் பின்னால் இரண்டு பல்சக்கரம் தள்ளிச் சிறியதற்குப் போங்கள். காலுக்கு மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. ஒரு வாரம் வேண்டுமென்றே பழகினால் கை தானாகச் செய்யும். 52/36-இலும் இறக்கம் 31 சதவீதம்தான், எனவே அதை வாங்கி இதிலிருந்து தப்பிக்க முடியாது. அப்புறம், முன்னால் பெரியது பின்னால் பெரியது, முன்னால் சிறியது பின்னால் சிறியது என்ற இரண்டு கோடிகளில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். செயின் கோணலாக இழுபடும், சத்தம் வரும், சீக்கிரம் தேயும்.

வேறு வகைகள் பற்றிக் கொஞ்சம். உடம்பு எடை அதிகம், அல்லது சுமையோடு பயணம், அல்லது 10 சதவீதத்துக்கு மேல் நீண்ட ஏற்றங்கள் என்றால் 50/34-உம் பெரியதுதான். 48/31, 46/30 என்று கிராவல் (மண், சரளைச் சாலை) சைக்கிள்களுக்காக ஷிமானோ ஜிஆர்எக்ஸ் வரிசையில் வருகின்றன. 46/11-இலேயே 90 சுற்றில் 47 கிலோமீட்டர் வேகம் போகலாம், எனவே பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. மனதைத் திறந்து சொன்னால், முதல் சைக்கிள் வாங்கும் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் இன்னும் பொருத்தம். ரெடிமேடாக வரும் ரோடு பைக்குகளில் அரிதாக இருப்பதால்தான் 50/34-ஐச் சொல்கிறேன். ஸ்ராம் நிறுவனத்தின் 12 ஸ்பீடில் 46/33, 48/35 என்று சிறிய எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதன் கேசட் 11-இல் இல்லாமல் 10 பல்லில் தொடங்குகிறது. 46/10 என்பது 50/11-ஐவிடக் கொஞ்சம் பெரிய கியர். விகிதத்தைப் பாருங்கள், பல் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள்.

முன்னால் ஒரே செயின்ரிங் உள்ளவை எளிமையானவை. 40 பல்லும் 11-42-உம் என்றால் ஏற்றத்துக்குத் தாராளம். ஆனால் மேல்பக்கம் 90 சுற்றில் 41 கிலோமீட்டரோடு நின்றுவிடும், நடுவில் தாவலும் பெரிது. தனியாக, கரடுமுரடான சாலைகளில் ஓட்டுபவர் தாராளமாக வாங்கலாம். குழுவோடு தார்ச்சாலையில் ஓட்ட நினைப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் 52/36 யாருக்கு? சுற்றுவட்டாரத்தில் மேடே இல்லாதவருக்கு. அல்லது ஏற்கெனவே தனியாக 35 கிலோமீட்டர் வேகத்தை ஒரு மணி நேரம் பிடிக்கும், பந்தயத்துக்குப் போகப்போகும் ஆளுக்கு. அவருக்கும் 28-ஐவிட 30 பல் வரை உள்ள கேசட்டே போடச் சொல்வேன்.

உங்களுக்குப் பிடித்த நிறமோ அளவோ 52/36 சைக்கிளில்தான் இருக்கிறது என்றால், அப்படியே விட்டுவிட வேண்டாம். கேசட்டை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 36/34 என்றால் விகிதம் 1.06, உங்கள் மேட்டில் 60 சுற்றுக்குச் சற்று மேலே கிடைத்துவிடும். ஆனால் பின் டெரைலர் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இரண்டு எண் முக்கியம். ஒன்று, அது ஏறக்கூடிய ஆகப் பெரிய பல். மற்றது, அது இழுத்துச் சுருட்டிக்கொள்ளக்கூடிய செயினின் அளவு: முன்னால் உள்ள வித்தியாசத்தையும் பின்னால் உள்ள வித்தியாசத்தையும் கூட்ட வேண்டும். 52/36-க்கு 16, 11-34-க்கு 23, மொத்தம் 39. ஷிமானோ 105-இன் 11 ஸ்பீடு வரிசையான ஆர்7000-இல் குட்டைக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் கீழ்ப்பகுதி) உள்ள டெரைலர் 30 பல்லோடும் 35-ஓடும் நின்றுவிடும். நீளக் கூண்டு 34 பல்லையும் 39-ஐயும் தாங்கும். முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். உள்பக்கம் எஸ்எஸ் என்று பொறித்திருந்தால் குட்டை, ஜிஎஸ் என்றால் நீளம்.

பழைய சைக்கிள் வாங்குபவர்களுக்கு இன்னொரு விஷயம். 53/39 கிராங்கில் போல்ட் வட்டம் (செயின்ரிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 130 மில்லிமீட்டர் என்றால் அதில் 38-க்குக் கீழே செயின்ரிங் மாட்டவே முடியாது. "அப்புறம் சின்னதாக மாற்றிக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால், முழு கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதை விலை பேசும்போதே கணக்கில் வையுங்கள்.

கடைக்குப் போகும் நாளில் சைக்கிளின் மேல் ஒட்டியிருக்கும் அட்டையை நம்பாமல் பல் எண்ணிக்கையை நீங்களே பாருங்கள். செயின்ரிங்கிலும் கேசட்டின் பெரிய பல்சக்கரத்திலும் எண் பொறித்திருக்கும்; மசகு படிந்து மறைந்திருந்தால் விரலால் துடையுங்கள். கேசட்டை அங்கேயே மாற்றிக் கொடுத்தார்கள் என்றால், பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, கையால் பெடலைச் சுற்றியபடி முன்னால் பெரியதுக்கும் பின்னால் பெரியதுக்கும் மெதுவாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். செயின் நீளம் போதுமானதாக இருந்தால் டெரைலரின் கூண்டு முன்னோக்கி நன்றாக நீண்டாலும் இன்னும் கொஞ்சம் மடங்கியே இருக்கும். கம்பி போல விறைத்து நின்றால் செயின் குட்டை. புதிய நீளத்தில் செயின் போட்ட பிறகுதான் சைக்கிளை வெளியே எடுங்கள்.